தனுஷ்கோடி ஸ்டேஷனும் அதைச் சுற்றியுள்ள ஊரும்

ராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருக்கிறது தனுஷ்கோடி ரயில் நிலையம். 1914 முதல் 1964 வரை, அரை நூற்றாண்டுக் காலம், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பயணிகள் ரயிலை விட்டிறங்கிக் கப்பல் ஏறிய இடம் இது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுக்குப் பிறகு அங்கே ஒரு ரயிலும் போய்ச் சேரவில்லை. நிலையத்தில் இன்று எஞ்சியிருப்பவை கூரையில்லாத சில சுவர்களும், சற்றுத் தள்ளி ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் சிதைவும், மணலுக்குள் புதைந்து கிடக்கும் இருப்புப்பாதையின் துண்டுகளும்தான்.

பாம்பன் தீவு மேற்கே அகன்று, கிழக்கே போகப்போக ஒடுங்கி, கடைசியில் வெறும் மணல்திட்டாக நீள்வது. ராமேஸ்வரம் நகரம் அகன்ற பகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தீவின் நுனியான அரிச்சல்முனைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் புறப்பட்டால், ஊர் முடிந்ததும் சவுக்குத் தோப்புகளும், குடை விரித்தாற்போல் தலை பரப்பி நிற்கும் உடைமரங்களும் வருகின்றன. காற்று ஓயாத நிலம் என்பதால் இங்கே எந்த மரமும் உயரமாக வளர்வதில்லை.

பாதி வழியில், இடப்பக்கம் பிரியும் ஒரு சிறு சாலை கோதண்டராமர் கோயிலுக்குப் போகிறது. விபீஷணனுக்கு ராமர் பட்டம் சூட்டிய இடம் என்று தலபுராணம் சொல்லும் கோயில் இது. 1964 புயலில் சுற்றுவட்டாரம் முழுவதும் அழிந்தபோதும் இந்தக் கோயில் தப்பி நின்றது. கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத உப்பு நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. இப்பகுதியில் 524.7 ஹெக்டேர் நிலத்தையும் நீரையும் 2025 ஜூனில் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

அடுத்து வருவது முகுந்தராயர் சத்திரம். சேதுவான தனுஷ்கோடிக்குத் தீர்த்தமாட வந்தவர்கள் தங்கிப்போன சத்திரத்தின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. புயலுக்குப் பின் நீண்ட காலம் தார்ச்சாலை இங்கேயே நின்றது. அதற்கப்பால் போக வேண்டியவர்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்களில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மணலிலும் சேற்றுநீரிலும் குலுங்கிக்கொண்டு போனார்கள். மீன் ஏற்றப் போன வண்டிகளே ஆளையும் ஏற்றின. இங்கிருந்து தனுஷ்கோடிக்கு 5 கிலோமீட்டரும், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு 4.5 கிலோமீட்டருமாகப் போடப்பட்ட புதிய சாலையை 2017 ஜூலை 27 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அன்றிலிருந்து இந்தக் கோடிக்கு வருகிறவர்களின் கூட்டம் பலமடங்கு பெருகிவிட்டது.

இந்தச் சாலையில் போகும்போதுதான் தீவு எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இடப்பக்கம் பாக் நீரிணையைச் சேர்ந்த வடகடல். வலப்பக்கம் மன்னார் வளைகுடாவான தென்கடல். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும் சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வது வழக்கம். இந்தக் குணம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றுத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். சாலையின் இருபுறமும் கருங்கல் அடுக்கிக் கரை கட்டியிருக்கிறார்கள். காற்று பலமாக உள்ள நாட்களில் மணல் பறந்துவந்து தார்ச்சாலையை மூடிவிடும்.

இப்படி ஒரு மணல்திட்டின் மேல் இருப்புப்பாதை போட்டதற்குக் காரணம் இலங்கை. தலைமன்னார் இங்கிருந்து 35 கிலோமீட்டர் கடல் தொலைவில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களில் பெரும்பாலோர் இந்தக் கடலைத் தோணியில் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள். காலராவிலும் பசியிலும் அந்த வழியில் மாண்டவர்கள் ஏராளம். வசதியுள்ள பயணிகளுக்கு இருந்த வழி வேறு: ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். கடற்பயணத்தைக் குறைத்து ரயில் பயணத்தைக் கூட்டவே தென்னிந்திய ரயில்வே கம்பெனி பாம்பன் வழியைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவையும் இலங்கையையும் கடல்மேல் இருப்புப்பாதையாலேயே இணைத்துவிடும் யோசனையும் அக்காலத்தில் இருந்தது. செலவு தாங்காது என்பதால், இரு கரைகளுக்கும் ரயில், நடுவே கப்பல் என்று முடிவாயிற்று.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 கண்களும், கப்பல் போக நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப்பாலமும் கொண்ட அந்தப் பாலத்தைத் தாண்டியதும் பாம்பன் ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. வடக்குக் கிளை ஆறேகால் மைல் ஓடி ராமேஸ்வரம் போயிற்று. மற்றொன்று 15 மைல் ஓடித் தனுஷ்கோடி போயிற்று. பிரதான வண்டியான போட் மெயில் போனது இந்த இரண்டாவது பாதையில். அதாவது, அன்றைய ரயில் வரைபடத்தில் ராமேஸ்வரம்தான் கிளை நிலையம். தனுஷ்கோடி கடைசி நிலையம். இன்றைக்கு இதை நம்புவதே கடினம்.

தனுஷ்கோடிப் பாதையில் ராமேஸ்வரத்துக்காக 'ராமேஸ்வரம் ரோடு' என்ற பெயரில் ஒரு நிறுத்தம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானபோது, ராமேஸ்வரம் ரோட்டில் ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கியெறிவார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்த சிறுவன் அப்துல் கலாம். உறவினர் சம்சுதீனின் பத்திரிகை ஏஜென்சிக்காகச் செய்த அந்த வேலைதான் தன் முதல் சம்பாத்தியம் என்று அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

போட் மெயிலில் வரும் பயணி எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, பக்கத்துத் துறைமேடையில் நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறினால், மறுகரையில் தலைமன்னார் துறையில் கொழும்பு ரயில் காத்திருக்கும். 1914 மார்ச்சில் தொடங்கிய இந்தக் கப்பல் சேவையில் முதலில் ஓடியவை கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய மூன்று கப்பல்கள். பிற்காலத்தில் இர்வின், கோஷென் ஆகிய கப்பல்கள் வந்தன. தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் வழி இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் தங்கவைத்து, நோய்ச் சோதனை முடித்த பிறகே அவர்களைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். ரயிலும் கப்பலும் ஒன்றே என்றாலும், போனவர்களின் நிலை ஒன்றல்ல.

ரயில் வந்ததும் மீன்பிடி ஊர் துறைமுக ஊராயிற்று. சுங்க அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, யாத்ரீகர் சத்திரங்கள் என்று எல்லாம் இருந்தன. கருவாடு இங்கிருந்து போயிற்று. துணிமணியும் பத்திரிகைகளும் கொழும்புக்குப் போயின. காசியிலிருந்து வருகிறவர்கள் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது நம்பிக்கை. வங்காளம் முதல் குஜராத் வரையிலிருந்து வந்தவர்கள் இந்த மணலில் நின்று பிதுர்க்கடன் கழித்தார்கள்.

1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாயிற்று. 19ஆம் தேதி அது கடும் புயலாக வலுத்து மேற்கே நகர்ந்தது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா வட்டாரத்தைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அன்றிரவு பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றைவிடக் கொடியது, அது தள்ளிக்கொண்டு வந்த கடல். ஏழு மீட்டர் உயரத்துக்கு எழும்பிய அலை, எங்கும் சில அடி உயரம்கூட இல்லாத அந்த மணல்திட்டின் மேல் குறுக்காக ஏறிப்போயிற்று.

இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதிகாரப்பூர்வக் கணக்கில் 110 பயணிகள், 5 ஊழியர்கள். நிலையத்துக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. வண்டி நின்றது. சுற்றிலும் இருட்டு, சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். அடுத்து வந்த அலை ஆறு பெட்டிகளையும் அடித்துப் போயிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் பலி 200ஐ நெருங்கும் என்பாரும் உண்டு. தந்தியும் தொலைபேசியும் அறுந்துபோனதால், வண்டி என்ன ஆயிற்று என்பது வெளியுலகத்துக்குத் தெரிய இரண்டு நாளுக்கு மேல் ஆனது. புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1800 பேருக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இந்த அழிவுக்கு நினைவுக்கல் ஒன்று தனுஷ்கோடியில் சாலையோரம் நிற்கிறது. அரிச்சல்முனைக்கு விரையும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை என்பது மனத்தை உறுத்தும் விஷயம்.

பாம்பன் பாலத்தின் 126 உத்திரங்கள் புயலில் போயின. தூக்குப்பாலம் தப்பியது. பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாத அவகாசம் குறிக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர், கடலடியில் கிடந்த உத்திரங்களை மீட்டெடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். ரயில் மறுபடி தீவுக்குள் வந்தது. ஆனால் தனுஷ்கோடிக்குப் போகவில்லை. பாதை கிடந்த நிலத்தையே பல இடங்களில் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. ஊர் குடியிருப்புக்குத் தகுதியற்றது என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்தது. கிளையாக இருந்த ராமேஸ்வரம் கடைசி நிலையமாயிற்று.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். பாட்டன் காலத்தில் இந்தக் கடலைக் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோது, அவர்களை இறக்கிவிட்டது தனுஷ்கோடி அல்ல, ராமேஸ்வரம். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது நின்றது.

இன்றைய தனுஷ்கோடியில் வண்டியை விட்டிறங்கினால் முதலில் கண்ணில் படுவது மாதா கோயிலின் இடிபாடு. அதிகமாகப் படம் பிடிக்கப்படுவதும் அதுதான். சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அடுக்கியிருப்பது செங்கல்லும் அல்ல, கருங்கல்லும் அல்ல. கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைத் துண்டுகள். சில கற்களில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள். சிலவற்றில் மூளையின் மடிப்பு மாதிரி நெளிநெளியான வரிகள். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்த அறை. அக்காலத்தில் இந்தத் தீவில் வீடு கட்ட எளிதில் கிடைத்த கல் இதுதான். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம். இந்தக் கற்களைப் பிணைத்த சுண்ணாம்புச் சாந்தை உப்புக்காற்று அரித்துக்கொண்டே வருகிறது. விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே கதி. நினைவாக ஒரு துண்டைப் பெயர்த்துப் போகிறவர்களும் உண்டு. புயல் விட்டுவைத்த சுவர்களுக்கு இப்போதைய எதிரி மனிதக் கை. இவற்றைக் காப்பாற்ற இன்னும் கூடுதலான அக்கறை வேண்டும்.

'பேய் நகரம்' என்ற பட்டம் இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சுற்றுலா விளம்பரங்கள் அதை விடாமல் சொல்கின்றன. அது உண்மையல்ல, இங்கே வாழ்கிறவர்களுக்கு அது நியாயமும் அல்ல. புயலில் தப்பிய மீனவக் குடும்பங்கள் பல திரும்பி வந்தன. முகுந்தராயர் சத்திரம், பாலம், கம்பிபாடு என்று கரையோரம் நெடுக அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஓலைக் குடிசைகள். குடியிருப்புக்குத் தகுதியற்றது என்று அறிவித்த இடமாதலால் நிலத்துக்குப் பட்டா இல்லை. மின் இணைப்பும் நீண்ட காலம் எட்டவில்லை. சோலார் விளக்குகளை நம்பியே பல வீடுகளில் இரவு கழிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இங்கே அரசுப் பள்ளி உண்டு. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க ராமேஸ்வரம் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அங்கேதான்.

குடிதண்ணீர் கிடைப்பது மணலிலிருந்து. இரு பக்கமும் கடல் இருந்தும், மூன்று நான்கு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதுதான் காரணம். ஆழமாகத் தோண்டினால் கீழேயுள்ள உப்புநீர் ஏறிவிடும். அதனால் குழியை அளவோடு நிறுத்துகிறார்கள். மணல் சரியாமல் இருக்கச் சுற்றிலும் பலகையோ சிமெண்ட் உறையோ இறக்குகிறார்கள். பெண்கள் குழியோரம் குனிந்து, சிரட்டையாலோ கிண்ணத்தாலோ கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். அடித்தண்ணீர் தீர்ந்ததும் நிறுத்திக் காத்திருந்து, மறுபடி ஊறியதும் மொள்கிறார்கள். போட் மெயில் ஓடிய காலத்துக்கு முன்பும் மக்கள் இந்தத் திட்டில் இருக்க முடிந்தது இந்த ஊற்றுகளால்தான். நிழலுக்காக நிற்கும் வண்டிகளும் வீசியெறியும் பிளாஸ்டிக்கும் ஊற்றுகளை நெருங்காமல் பார்த்துக்கொள்வது வருகிறவர்களின் கடமை.

தொழில் மீன்பிடிதான். கரைவலை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் கடலுக்குள் போய் வளைத்து வலையை இறக்கி, மறுகயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரையேறுவார்கள். பிறகு இரண்டு வரிசையாக நின்று இரு கயிற்றையும் இழுக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் வயதானவர்களும் சேர்ந்து மணிக்கணக்காக இழுக்கிறார்கள். மடி கரை ஏறும்போது சாளை, நெத்திலி, காரல், கணவாய் என்று கலந்து கிடக்கும். சில நாள் நுங்கும் நுரையும் மட்டும்தான். கிடைத்ததை வியாபாரி எடுத்ததும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். காற்றுக்கு ஏற்ப, பொங்கும் கடலை விட்டு அடங்கிய கடலுக்குத் தொழிலை மாற்றிக்கொள்வதும் உண்டு. சாலை வந்த பிறகு பல வீடுகளுக்கு இன்னொரு வருமானம் கிடைத்திருக்கிறது: சங்கு, சிப்பி, மாலைகள் விற்கும் பெட்டிக்கடையும், பிடித்த மீனை அங்கேயே பொரித்துத் தரும் கொட்டகையும். மாலையில் வெளியாட்கள் எல்லோரையும் போலீசார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரவில் ஊர் ஊர்க்காரர்களுடையது.

சாலையின் முடிவில் அரிச்சல்முனை. நான்கு சிங்கம் தாங்கிய தூண் ஒன்றைச் சுற்றி வண்டிகள் திரும்புகின்றன. இரு கடலும் சேரும் இடம் இது. நீரோட்டம் பலமானது என்பதால் இறங்கிக் குளிப்பது ஆபத்து. அப்பால் ராமர் சேது என்று மக்கள் வணங்கும் மணல்திட்டுகள் இலங்கை வரை வரிசையாகப் போகின்றன. ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. 2019 மார்ச் 1 அன்று, ராமேஸ்வரத்திலிருந்து 17.2 கிலோமீட்டருக்கு 208 கோடி ரூபாயில் புதிய பாதை போடும் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு அதைக் கைவிடக் கோரியது, பணி நடக்கவில்லை. அந்த மறுப்பு சரியானதே. ஒரு சாலைக்கே கல் அடுக்கிக் காவல் காக்க வேண்டியிருக்கும் இந்தத் திட்டில் இன்னொரு கரை எழுப்பினால், மணலின் போக்கும் ஊற்றுநீரும் ஆமைகள் ஏறும் கரையும் பாதிக்கப்படும். அந்தப் பணத்தில் சிறு பகுதி போதும், இங்குள்ள குடும்பங்களுக்கு ஒரு மருத்துவமனையும் மேல்வகுப்புப் பள்ளியும் அமைய.

பாம்பனில் பழைய பாலத்தின் மேல் ரயில் ஓடுவது 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. மறுகரையில், போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை இந்திய உதவியுடன் மீண்டும் போட்டு 2015 மார்ச்சில் ரயில் விட்டார்கள். தலைமன்னார் துறை நிலையத்துக்கு இன்று கொழும்பிலிருந்து ரயில் வருகிறது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விட இரு அரசுகளும் பேசிவருகின்றன. அந்தக் கப்பல் ஓடத் தொடங்கினாலும் இந்தப் பக்கம் அது அணையப்போவது ராமேஸ்வரத்தில்தான்.